அவசரம் இல்லாத கிணறு

ஒருவர் வேண்டாம் என்று சொன்னதை, வேண்டும் என்றே பொருள்படும்படி எழுதி, அதன் கீழ் அவர் கையெழுத்தையும் வாங்கிக்கொண்டு வந்துவிட்ட ஒருத்தி, பிறகு அதைத் திருத்தப் புறப்பட்டால் யாருக்காகப் புறப்படுகிறாள்? அவருக்காகவா, தன் மனம் உறுத்தாமல் இருப்பதற்காகவா? சித்தூர் ஜில்லாவில் நான்கு நாள் சுற்றியதில் எனக்கு மிஞ்சியது இந்தக் கேள்விதான்.

சமூக சேவையில் பட்டம் பெற்று, கடல் கடந்த ஒரு நாட்டின் உதவிச் சங்கத்தில் மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்த முதல் வருஷம் அது. ஆந்திரா தனி ராஜ்யமாகியிருந்தது. ஆனால் எந்த ஊர் எந்தப் பக்கம் என்ற பேச்சு முடியவில்லை. நான் புத்தூர்ப் பக்கம் போகிறேன் என்றதும் என் அண்ணன், "பாஸ்போர்ட் எடுத்துவிட்டாயா?" என்று கேட்டான். வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். அம்மா மட்டும் சிரிக்காமல் இரண்டு வேளைக்குப் புளிச்சோறு கட்டினாள்.

உடன் வந்தவர் மிஸ் கரின். ஐம்பது வயது, ஆறடி உயரம். பூமியைக் காலால் தட்டிப் பார்த்தே கீழே பாறையா மண்ணா என்று சொல்லிவிடுவார். சொந்தக் கிணறு இல்லாத ஒரு காலனிக்குக் கிணறு வெட்டித் தருவது எங்கள் வேலை. காலனிக்காரர்கள் தமிழர்கள் என்பதால் என்னை அனுப்பினார்கள். எனக்குத் தெலுங்கு தெரியாது. தேவைப்படாது என்று சங்கம் நினைத்தது. நானும் அப்படியே நினைத்தேன்.

முதல் நாள் திருப்பதியில் இறங்கினோம். வழியில் பார்த்த ஊர்ப் பலகைகளில் சிலவற்றில் தமிழ் எழுத்தின்மேல் தார் பூசியிருந்தது. சிலவற்றில் தெலுங்கு எழுத்தின்மேல். ஓரிடத்தில் இரண்டின்மேலும் பூசியிருந்ததால் அது எந்த ஊர் என்று கடைசிவரை தெரியவில்லை. ஸ்டேஷனுக்கு வெளியே ஜட்கா வண்டிக்காரர் எங்களை ஏற்றிக்கொண்டு மலையடிவாரத்துக்கே ஓட்டிப் போனார். சத்திரத்துக்குப் போக வேண்டும் என்று நான் மறித்தபோது அவர் நம்பவில்லை.

"மலைக்கிப் போவாம திருப்பதிக்கி இன்னாத்துக்கும்மா வந்தீங்க?"

"கிணறு வெட்ட."

"யாரு, நீயா?" என்று திரும்பி என்னைப் பார்த்தவர், பிறகு மிஸ் கரினின் தோள்களைப் பார்த்து, "அவங்க வெட்டுவாங்க" என்று தமக்குத் தாமே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

மாலையில் நான் மட்டும் ஓர் ஓட்டலுக்குப் போனேன். மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய யாத்ரீகர்கள் நிறைந்திருந்தார்கள். இட்லியோடு வந்த பொடியின் காரத்தில் கண்ணீர் வந்தது. பரிமாறுபவர் இரண்டு கையிலும் தட்டுகளோடு வந்து தெலுங்கில் ஏதோ கேட்டார். 'காபி' என்ற சொல் மட்டும் புரிந்தது. அவர் படும் பாட்டைப் பார்த்து, மரியாதையாக, "அவசரம் இல்லை" என்றேன். தலையசைத்துப் போனார். பக்கத்து மேஜைக்கு மூன்று முறை காபி வந்தது. எனக்கு வரவேயில்லை. மெட்ராஸில் இப்படி நடக்காது என்று முணுமுணுத்தபடி எழுந்து வந்து, அவ்வூர் உபசாரத்தைப் பற்றி என் குறிப்பேட்டில் கடுமையாக ஒரு வரி எழுதினேன். அந்த வரியை இன்றும் அடிக்காமல் வைத்திருக்கிறேன்.

இரண்டாம் நாள் ஜீப்பில் அந்த ஊருக்குப் போனோம். புத்தூருக்கும் நகரிக்கும் நடுவில் இருப்பது, பெயர் வேண்டாம். வழியில் ஒரு டயர் போயிற்று. டிரைவர் மாற்றுச் சக்கரத்தை எடுத்தபோது அதிலும் காற்றில்லை. மிஸ் கரின் காத்திருந்த நேரத்தில் சாலையோரப் பாறைகளைத் தட்டிக்கொண்டிருந்தார். வேர்க்கடலைக் கொல்லையில் களையெடுத்துக்கொண்டிருந்த பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு இவரை வேடிக்கை பார்த்தார்கள்.

ஊர் எல்லையில் கர்ணம் காத்திருந்தார். மெலிந்த மனிதர், கக்கத்தில் கணக்குக் கட்டு. தெலுங்கும் தமிழும் அவருக்கு ஒன்றுபோல் வந்தன. அவர் முன்னே நடக்க, ஊரைச் சுற்றிக்கொண்டு காலனிக்குப் போனோம். ஊருக்குள் வழி இருந்தும் ஏன் சுற்றினோம் என்று நான் கேட்கவில்லை.

எங்கள் கோப்பில் இருந்த விவரம் இதுதான்: காலனிப் பெண்கள் ஊர்க் கிணற்றருகே தள்ளி நிற்பார்கள், ஊரார் யாராவது மனம் வைத்து இறைத்து ஊற்றினால் பானையில் ஏந்திக்கொள்வார்கள். தீண்டாமை குற்றம் என்று சட்டம் வந்த பிறகும் இதுதான் வழக்கம் என்று யாரோ எழுதியிருந்தார்கள். எழுதியவர் எப்போது வந்து பார்த்தார் என்று கோப்பில் இல்லை.

காலனிக்காகப் பேச வந்தவர் முனுசாமி. கோலார் தங்கச் சுரங்கத்தில் பல வருஷம் வேலை செய்து திரும்பியவர். எங்களுக்குக் கயிற்றுக் கட்டில் போட்டார். அவர் மனைவி குப்பம்மா பித்தளைத் தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். மிஸ் கரின் சிரித்துக்கொண்டே கைகூப்பி மறுத்து, தம் பையிலிருந்து காய்ச்சிய தண்ணீர் பிளாஸ்க்கைக் காட்டினார். தம்ளர் என் பக்கம் திரும்பியது. மேலதிகாரி குடிக்காதபோது நான் குடிப்பது முறையா என்று ஒரு கணம் யோசித்து, "தாகமில்லை" என்றேன். தொண்டை வறண்டுதான் இருந்தது. குப்பம்மா தம்ளரை உள்ளே கொண்டுபோனாள். வாசல் ஆணியில் சுருட்டி மாட்டியிருந்த ஒரு கயிறு கண்ணில் பட்டது.

"கயிறு புதுசா இருக்கே?" என்றேன், ஏதாவது பேச வேண்டுமே என்று.

"ஆமா, புதுசு" என்றாள் அவள். அதற்குமேல் சொல்லவில்லை.

மிஸ் கரின் கேட்கச் சொன்னதைக் கேட்டேன். "உங்களுக்கென்று ஒரு கிணறு, இங்கேயே, காலனிக்குள்ளேயே வெட்டித் தர நினைக்கிறோம். என்ன சொல்கிறீர்கள்?"

முனுசாமி சுற்றி நின்றவர்களை ஒருமுறை பார்த்தார். பிறகு நிதானமாகச் சொன்னார்: "எங்களுக்குன்னு தனிக் கெணறு அவசரம் இல்லீங்க."

அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன்: அவர்களுக்கு அவசரமில்லையாம், மெதுவாக வந்தால் போதுமாம். மிஸ் கரினின் கண்கள் கலங்கிவிட்டன. இத்தனை காலம் காத்திருந்தவர்களுக்கு எவ்வளவு பொறுமை என்று வியந்தார். கோடை முடிந்ததும் வேலை தொடங்கலாம் என்று எழுதிக்கொண்டார். படிவத்தின் பதினொன்றாம் கேள்வி: 'இத்திட்டம் பயன் பெறுவோரின் மனித கண்ணியத்தை உயர்த்துமா? ஆம், இல்லை.' ஆம் என்பதில் நான்தான் குறியிட்டேன்.

முனுசாமி கையெழுத்துப் போடுமுன், "இன்னா எழுதிக்கிறீங்க?" என்றார்.

"நீங்கள் சொன்னதைத்தான்" என்றேன். ஒவ்வோர் எழுத்தாக, தமிழில், முழுப் பெயரையும் எழுதினார்.

திரும்பும் வழியில் கர்ணத்திடம் விவரம் சொன்னேன். காலனிக்காரர்கள் காத்திருக்கச் சம்மதித்துவிட்டார்கள், கோடை கழிந்து கிணறு வரும் என்று. அவர் நின்றார்.

"அப்பிடியா சொன்னாங்க? காத்துக்கினு இருக்கறோம்னு?"

"ஆமாம். கையெழுத்துப் போட்டிருக்கிறார்."

"சரிங்கம்மா. நீங்க படிச்சவங்க" என்றார், ஒரு சிறிய சிரிப்போடு. அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் சித்தூர். படிவத்தை உரிய அலுவலகத்தில் கொடுத்தாயிற்று. மத்தியானம் கோர்ட்டுக்கு அருகில் ஒரு சாப்பாட்டுக் கடை. பெண்களுக்கென்று தட்டி மறைத்த மூலை இருந்தது. ஆனால் மின்விசிறி இல்லாததால் வெளியிலேயே உட்கார்ந்தேன். எதிரில் கோர்ட்டு குமாஸ்தா ஒருவர். புளிச்சக்கீரைப் பருப்பு நாக்கில் சுரீரென்றது. சோற்று வாளியோடு வந்தவரிடம் குமாஸ்தா இலைமேல் கையை விரித்து, "அவசரம் இல்லய்யா" என்றார். வாளி நகர்ந்தது. கடைசிவரை அவர் பக்கம் திரும்பவில்லை. முந்தாநாள் காபி நினைவு வந்து அவருக்காக நான் வருத்தப்பட்டேன்.

"மெதுவாகப் போடலாம் என்றுதானே சொன்னீர்கள்? மறந்துவிட்டார் போலிருக்கிறதே" என்றேன்.

அவர் மோர்ச் சோற்றிலிருந்து நிமிர்ந்தார். "எந்த ஊரும்மா நீங்க?"

"மெட்ராஸ்."

"அதான். எங்க ஊர்ல அவசரம்னா வேணும்னு அர்த்தம். தெலுங்கு வார்த்த. தமிள் பேசினாலும் எங்க வாயில அதான் வரும். அவசரம் இல்லேன்னா வாணாம்னு அர்த்தம்."

"அப்படியானால் நிஜமாகவே சீக்கிரம் வேண்டுமென்றால்?"

"தொந்தரன்னு சொல்வோம். அத்த உங்க ஊர்ல சொல்லிடாதீங்க, சண்டைக்கி வருவாங்க" என்று சிரித்தபடி கை கழுவப் போனார்.

இலையில் எனக்கு இன்னும் பாதிச் சோறு இருந்தது. எங்களுக்கென்று தனிக் கிணறு வேண்டாம். அதுதான் முனுசாமி சொன்னது. அதைத்தான் நான் 'மெதுவாக வந்தால் போதும்' ஆக்கி, அவர் பெயரை எழுத வைத்தேன்.

மிஸ் கரினிடம் ஓடிப் போய்ச் சொன்னேன். அவருக்குக் கோபம் வரவில்லை. அதுவே கஷ்டமாக இருந்தது.

"ஏன் வேண்டாம் என்கிறார்கள்?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. வேண்டாம் என்று நான் கேட்டிருந்தால்தானே ஏன் என்று கேட்டிருப்பேன்?

"அந்தப் பெண்கள் தினம் யார் முன்னாலோ கையேந்தி நிற்கிறார்கள். சொந்தக் கிணறு வந்த மறுநாள் யார் முன்னாலும் நிற்க வேண்டாம். அதற்குப் பெயர் கண்ணியம் இல்லையென்றால் வேறு எதற்கு அந்தப் பெயர்?" அவர் என்னை மடக்குவதற்காகக் கேட்கவில்லை. "சனிக்கிழமை வரை படிவம் நகராது. போய்க் கேட்டு வா" என்றார்.

நான்காம் நாள் தனியாகப் பஸ் ஏறினேன். மலைச் சரிவில் இஞ்சின் கொதித்து பஸ் நின்றது. கண்டக்டர் எல்லோரையும் இறக்கி, பக்கத்து ஏரியிலிருந்து தண்ணீர் கொண்டுவர ஆளனுப்பினார். கூடையில் கோழிகளோடு வந்த ஒரு பெண், "பஸ்ஸு தண்ணி குடிக்குது, மனுசனுக்கு இல்ல" என்றாள். எல்லோரும் சேர்ந்து தள்ளினோம். என் புடவையில் கரிப்புகை படிந்தது. ஊர் போய்ச் சேரும்போது வெயில் சாய்ந்துவிட்டது.

இந்த முறை ஊருக்குள்ளேயே நடந்தேன். காலனியில் கட்டில் வெளியே இல்லை. முனுசாமி வாசலில் உட்கார்ந்து மண்வெட்டிக்குக் காம்பு செதுக்கிக்கொண்டிருந்தார், எழுந்திருக்கவில்லை.

"வா, டீச்சரம்மா. இன்னும் எதனா எழுதணுமா?"

அவர் சொன்ன சொல்லுக்கு எங்கள் ஊர் அர்த்தத்தை எழுதிவிட்டதைச் சொன்னேன். மிச்சத்தை அவர் வாயால்தான் அறிந்தேன். ஒரு மாதத்துக்கு முன்னால், இந்தக் காலனியிலிருந்து முதல் தடவையாக, குப்பம்மா சொந்தக் கயிற்றை எடுத்துக்கொண்டு ஊர்க் கிணற்றுக்குப் போய்த் தானே இறைத்திருக்கிறாள். ஊரார் முறைத்தார்கள், யாரும் தடுக்கவில்லை. அவள் போகும்வரை ஊர்ப் பெண்கள் ஒதுங்கி நின்றார்கள். பத்து நாளில் ஒதுங்குவதும் குறைந்தது. அதற்குள் நாங்கள் வந்துவிட்டோம்.

"தனிக் கெணறு வந்துச்சின்னா, அங்க எதுக்குடி வர்றேன்னு கேப்பாங்க. ஒரு மாசமா அவ நடந்து போட்ட வழி அதோட அடஞ்சிடும். அதான் அவசரம் இல்லேன்னேன். நீ இன்னாடான்னா காத்துக்கினு இருக்கறோம்னு எழுதிக்கினு போய்ட்ட. கர்ணம் அன்னிக்கே ஊரெல்லாம் சொல்லிட்டாரு. நேத்து காலைல இவ போனா, காத்துக்கினு இருக்கறேன்னு கையெழுத்துப் போட்டு குடுத்துட்டீங்களே, காத்துக்கினு இருங்கன்னு திருப்பி அனுப்பிட்டாங்க."

கயிறு ஆணியில் இருந்தது. அதன் கீழே பானைகள் கவிழ்ந்திருந்தன.

"நான் வந்து ஊராரிடம் சொல்கிறேன். தவறு என்னுடையது என்று..."

"நீ சொன்ன வரைக்கும் போதும்" என்றார் முனுசாமி.

குப்பம்மா உள்ளேயிருந்து வந்து கயிற்றையும் வாளியையும் ஒரு பானையையும் எடுத்தாள். "வரட்டும்" என்றாள் அவரிடம். பிறகு என்னிடம்: "வா. ஆனா நான் சொல்ற வரைக்கும் வாயத் தொறக்கக் கூடாது."

ஊர்க் கிணற்றடியில் ஏழெட்டுப் பெண்கள் இருந்தார்கள். முன்னால் நின்ற ராஜம்மா, இடுப்பில் கை வைத்துக்கொண்டு பேசுகிறவள்.

"இன்னாமே குப்பம்மா? தொரசானி கெணத்துக்குக் காத்துக்கினு இருக்கறவ, இங்க இன்னா வேல?"

"யாரு காத்துக்கினு இருக்கறது? கெணறு அவசரம் இல்லேன்னு சொன்னோம். அதுக்கு இந்த டீச்சரம்மா மெட்ராஸ் அர்த்தம் எழுதிக்கினு போய்டிச்சி."

ராஜம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள். புகைக் கறையையும் பார்த்தாள். "மெட்ராஸ்ல இன்னா அர்த்தம் அதுக்கு?"

நான் குப்பம்மாவைப் பார்த்தேன். அவள் தலையசைத்தாள்.

"மெதுவாக வந்தால் போதும் என்று அர்த்தம்."

பிறகு யாரோ ஒருத்தி, "அப்ப உங்க ஊர்ல சோறு வாணாம்னு சொன்னா, மறுநாளு வரைக்கும் எல போட்டு வெச்சிருப்பாங்களா?" என்றாள். சிரிப்பு வெடித்தது. நான் திருப்பதியில் காபிக்குக் காத்திருந்த கதையைச் சொன்னேன். ராஜம்மா குடத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "அவன் பாவம், இந்தம்மா காபி வாணாம்னிச்சேன்னு போய்ட்டான். இது குந்திக்கினே இருந்திச்சாம்!" முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கூட்டத்தில் என்னை மற்றவர்கள் பார்த்துச் சிரிப்பது எனக்கு அதுவரை பழக்கமில்லை.

அந்தச் சிரிப்புக்குள் ராட்டினம் கிரீச்சிட்டது. குப்பம்மாவின் வாளி பாதிக் கிணறு இறங்கியிருந்தது.

சிரிப்பு நின்றது. இரண்டு பெண்கள் வெறுங்குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ராஜம்மா போகவில்லை. கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தவள் கடைசியில், "ஓரமா ஓடுது பாரு. ராட்டினத்து நடுவுல போடு, அறுந்துடும்" என்றாள். குப்பம்மா கயிற்றை நடுவில் தள்ளினாள்.

நான் சமாதானம் செய்துவைக்கவில்லை. சட்டத்தை எடுத்துச் சொல்லவும் இல்லை. என்னைப் பார்த்துச் சிரித்த நேரத்தில் ஒரு வாளி கிணற்றில் இறங்கியது, அவ்வளவுதான். அதை எந்தக் கேள்விக்கு விடையாக எழுதுவது என்று அன்று முழுக்கக் குழம்பினேன்.

திரும்பும்போது குப்பம்மா பானையோடு முன்னால் நடந்தாள். "நாளைக்கும் இப்பிடி சிரிப்பாங்களான்னு தெரியாது" என்றாள்.

"அப்படியானால் கிணறு வேண்டாம் என்றே திருத்திவிடுகிறேன்."

அவள் நின்றாள். "வாணாம்னு சொன்னவரு, வேலைக்கிப் போய்ட்டு வந்து பானைல மொண்டு குடிக்கிறவரு. தூக்கறவ நானு. வழி அடஞ்சிடும்னு அவரு சொல்றது நெசம்தான். ஆனா சித்திர மாச வெயில்ல இந்தப் பானையோட நடக்கறப்ப, வாசல்லயே ஒரு கெணறு இருந்தா இன்னான்னுதான் தோணும். அதுவும் நெசம்தான். ரெண்டையும் எழுதிக்கோ."

"ஒன்றைத்தான் எழுத முடியும். ஆம் அல்லது இல்லை."

"ஏன், பேப்பர்ல எடம் பத்தலியா?"

வீட்டு வாசலில் பானையை இறக்கியவள், என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒரு குறும்போடு கேட்டாள்:

"இன்னா டீச்சரம்மா, தண்ணி அவசரமா?"

"அவசரம்" என்றேன்.

அதே பித்தளைத் தம்ளர்தான். முனுசாமி செதுக்குவதை நிறுத்தி, நான் குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

திருத்திய படிவத்தில் இருவர் சொன்னதையும் ஓரத்தில் எழுதினேன். பதினொன்றாம் கேள்வியை வெறுமையாக விட்டேன். தெளிவான சம்மதம் இல்லாததால் அந்தக் கிணற்றைச் சங்கம் வேறொரு காலனிக்கு மாற்றிவிட்டது. மிஸ் கரின் அதைக் கடைசிவரை ஒப்பவில்லை. நான் செய்தது சரிதானா என்று கேட்டால் எனக்கும் உறுதியாகச் சொல்லத் தெரியாது. அவ்வருஷச் சித்திரையில் மெட்ராஸ் வெயிலில் நடந்தபோதெல்லாம் அந்தப் பானை நினைவுக்கு வந்தது. மறு வருஷம் அவ்வழியே போன டிரைவர், குப்பம்மாவோடு இன்னும் மூன்று பேர் கயிறு எடுத்துப் போகிறார்கள் என்று சொன்னார். கிணற்றின் ஒரு பக்கம் மட்டும்தான் அவர்களுக்கு என்றும் சொன்னார்.

என் வேலையில் மாறியது ஒன்று. நான் நிரப்பும் படிவங்களில் இப்போது ஒரு பத்தியைக் கையால் கோடு போட்டுச் சேர்க்கிறேன். அதன் தலைப்பு, 'அவர்கள் சொன்ன சொல்'. அதை மட்டும் நான் மொழிபெயர்ப்பதில்லை. எழுதியதை அவர்களிடமே படித்துக் காட்டி, இதற்கு உங்கள் ஊரில் என்ன அர்த்தம் என்று கேட்ட பிறகுதான் பேனாவைக் கையில் கொடுக்கிறேன்.